போட்டோவைப் பார்த்து கோபுரம் வரைந்தால் ஏன் சப்பென்று இருக்கிறது? கேமராவும் தூரிகையும் பிரியும் இடம் எது?

நீர்ச்சாயம்:

வணக்கம். கோயில் தெருக்களை வாட்டர்கலரில் வரைகிறேன். நேரில் உட்கார்ந்து வரைய எப்போதும் வாய்ப்பதில்லை என்பதால் மொபைலின் மெயின் கேமராவில் (24 மிமீக்குச் சமம்) படம் எடுத்து, வீட்டில் வைத்து வரைவதுதான் வழக்கம். பேப்பர் 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் (கொஞ்சம் சொரசொரப்பானது), கால் ஷீட், அதாவது 28க்கு 38 செ.மீ.

மூன்று சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, மண்டபத்து நிழலும் திண்ணை நிழலும் ஓட்டை விழுந்தமாதிரி கறுப்பாக நிற்கின்றன. இரண்டு, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் மாதிரி உயரமான கோபுரம் பின்பக்கம் சாய்ந்து, மேல்நிலைகள் குறுகி, உள்ள உயரத்தில் பாதிகூடத் தெரிவதில்லை. மூன்று, கோபுரத்துப் பொம்மையும் கரண்ட் கம்பியும் சைக்கிள் ஸ்போக்கும் ஒரே அளவு துல்லியமாக இருப்பதால் கண் எங்கும் நிற்பதில்லை.

கூடவே ஒரு பெரிய கேள்வி. போட்டோ கையில் இருக்கும்போது அதையே எதற்கு வரைய வேண்டும்? ஓவியத்தில் ஆன்மா இருக்கிறது, போட்டோவில் இல்லை என்கிற பதில் எனக்குப் போதவில்லை. செய்முறையில், பொருளில், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெளிச்சமானி:

கேமரா பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு சிக்கலும் நீங்கள் பிரஷ்ஷை எடுக்கும் முன்பே, ஷட்டர் விழுந்த நொடியில் முடிவானவை.

நிழலை முதலில் பார்ப்போம். உச்சி வெயிலில் சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் மண்டபத்தின் உள்பக்கத்துக்கும் சுமார் 10 ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 10 ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்கு. நல்ல கேமரா சென்சார் 12 முதல் 14 ஸ்டாப் வரை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை ஜேபெக் ஆக்கும்போது பார்க்க எடுப்பாக இருக்கவேண்டும் என்று கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, இருட்டுப் பக்கத்தை நறுக்கிவிடுகிறது. கண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மண்டபத்துக்குள் பார்க்கும்போது கண்ணின் பாப்பா விரிகிறது, விழித்திரையும் பழகிக்கொள்கிறது, தூணில் உள்ள சிற்பம் வரை தெரிகிறது. மறுபடி வெயிலைப் பார்த்தால் சுருங்கிக்கொள்கிறது. அதாவது நீங்கள் பார்த்த காட்சி பல எக்ஸ்போஷர்களின், அதாவது பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களின் சேர்க்கை. கேமரா கொடுத்தது அதில் ஒன்று.

புதிய மொபைல்கள் இதற்கு எதிர்த்திசையில் தவறுகின்றன. தானாகவே எச்டிஆர் (பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகக் கலக்கும் முறை) போட்டு நிழலைத் தூக்கிவிடும். அப்போது நிழல் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூசியமாதிரி இருக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் இருந்த இடைவெளி போய்விடும். கோபுர விளிம்பில் வானத்தை ஒட்டி ஒரு வெளுத்த கோடு ஓடினால் அதுதான் அடையாளம். அந்தக் கோட்டை அப்படியே பார்த்து வரைபவர்களும் உண்டு. அது வெளிச்சமே இல்லை, கணக்கின் பிசிறு.

செய்யவேண்டியது: ரா வசதி (சென்சார் பிடித்ததை நறுக்காமல் சேமிக்கும் கோப்பு) இருந்தால் ராவில் எடுங்கள். ஒரே இடத்தில் நின்று மூன்று படம் எடுங்கள்: மீட்டர் சொல்வது ஒன்று, 2 ஸ்டாப் குறைத்து ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. மொபைலில் திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியைக் கீழும் மேலும் இழுத்தாலே போதும். மூன்றையும் ஒன்றாக இணைக்காதீர்கள். வெயில் பட்ட கல்லின் நிறத்தைக் குறைத்த படத்தில் பாருங்கள், நிழலுக்குள் இருப்பதைக் கூட்டிய படத்தில் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள உறவை நடுப்படத்தில் பாருங்கள். மூன்றிலும் ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளையாகக் கொள்வது என்ற நிற அமைப்பை) 'டேலைட்' என்று பூட்டிவையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் நிறம் நகரும். நிழல் எவ்வளவு நீலம் என்ற தகவல் தொலைந்துவிடும்.

அடுத்து கோபுரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். நீங்கள் 25 மீட்டரில் நின்றால் அடிவாசல் 25 மீட்டர் தொலைவில், உச்சிக் கலசம் ஏறக்குறைய 75 மீட்டர் தொலைவில். மூன்று மடங்கு வித்தியாசம். கேமராவை அண்ணாத்தி எடுத்தால் மேல்நிலைகள் சுருங்கத்தான் செய்யும். 100 மீட்டர் தள்ளிப் போனால் உச்சி 122 மீட்டர். வித்தியாசம் கால் பங்குக்கும் குறைவு. லென்ஸை மாற்றினால் இது மாறாது. பெர்ஸ்பெக்டிவ் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. லென்ஸ் எவ்வளவு வெட்டி எடுக்கிறது என்பதை மட்டும் தீர்மானிக்கும்.

கேமராவைத் துளியும் நிமிர்த்தாமல், மொபைலைச் செங்குத்தாகப் பிடித்து 24 மிமீயில் முழுக் கோபுரமும் அடங்க வேண்டுமானால் சுமார் 100 மீட்டர் பின்னால் போகவேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் ரோடாக இருக்கும், வெட்டிவிடலாம். இதைவிட நல்லது, தெற்கே தெருவோடு 150 மீட்டர் போய் 2எக்ஸ் லென்ஸில் எடுப்பது. 12 டிகிரி அளவு நிமிர்த்தினால் போதும், சாய்வு மிகக் குறைவு. இடமே இல்லாத சந்துகளில் நேர்செய்யும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது உச்சிப் பகுதியை இழுத்து நீட்டுவதால் அங்கே விவரம் குழம்பும், பக்கவாட்டில் படமும் வெட்டுப்படும். எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோபுரம் இயல்பிலேயே மேலே போகப்போகக் குறுகுவது. எவ்வளவு கட்டடத்தின் குறுகல், எவ்வளவு கேமராவின் குறுகல் என்று பிரிக்க, அதே படத்தில் உள்ள மின்கம்பத்தையும் வீட்டுச் சுவரையும் பாருங்கள். அவை நிஜத்தில் நேராக நிற்பவை. படத்தில் அவை உள்ளே சாயும் கோணம்தான் கேமராவின் பங்கு.

தூரிகைக்காரர்:

வெளிச்சமானி சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். மூன்று எக்ஸ்போஷரும் சேர்ந்து முழு வெளிச்சத் தகவலும் கிடைத்துவிட்டாலும் அதைப் பேப்பரில் வைக்க இடமில்லை.

வாட்டர்கலர் பேப்பரின் வெள்ளை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 85-90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதே பேப்பரில் காய்ந்தபின் கிடைக்கும் மிக அடர்ந்த இருட்டு 4-5 சதவீதம். ஆகமொத்தம் 20 மடங்கு, நாலேகால் ஸ்டாப்தான். மேட் போட்டோ பேப்பருக்குச் சுமார் 40 மடங்கு, பளபளப்பான பேப்பருக்கு 200 மடங்கு வரை. மூன்று ஊடகங்களில் வாட்டர்கலருக்குத்தான் கை மிகச் சுருக்கம். ஆயிரம் மடங்கை இருபதுக்குள் அடக்க வேண்டும், அதைக் கேமராவின் கான்ட்ராஸ்ட் கணக்குப்படி அடக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று முதலில் நீங்களே முடிவு செய்யவேண்டும்.

அதற்குத்தான் சின்ன டோன் ஸ்கெட்ச். 6க்கு 8 செ.மீ. கட்டம், 4பி பென்சில், மூன்றே டோன்: பேப்பர் வெள்ளை, நடுத்தரம், இருட்டு. போட்டோவை அரைக்கண் மூடிப் பாருங்கள், சேர்ந்துபோகும் நிழல்களை ஒரே உருவமாகச் சேர்த்துவிடுங்கள். மண்டபத்தின் நிழல், கீழே தரையில் விழுந்த நிழல், பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் அடிநிழல் எல்லாம் ஒரே துண்டாகலாம். இது பத்து நிமிட வேலை. இதைத் தாண்டிவிட்டு நேரே பெரிய பேப்பரில் இறங்கினால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நிழல் போட்டு, படம் துண்டுதுண்டாக நிற்கும்.

நிழல் கறுப்பாக வருவதற்கு இன்னொரு காரணம் வண்ணப்பெட்டி. ட்யூப் கறுப்பை எடுத்துவிடுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் (ட்யூபில் பிக்மென்ட் எண் பிபி29) பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் (பிபிஆர்7) போதும். இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு சியன்னா போட்டால் குளிர்ந்த சாம்பல். விகிதத்தைத் திருப்பினால் சூடான பழுப்புநிழல். வெயில் நாளில் வானத்தைப் பார்த்திருக்கும் நிழல் நீலம் பக்கம் சாயும். தரையைப் பார்த்திருக்கும் பகுதி, அதாவது கபோதத்தின் (வெளியே நீளும் கூரை விளிம்பின்) அடிப்பக்கம், போதிகையின் (தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் கல்லின்) கீழ்ப்புறம், வெயில் பட்ட மண்ணின் எதிரொளியால் செம்மஞ்சளாகச் சூடேறும். ஒரே நிழலுக்குள் இந்த இரண்டும் இருப்பதால்தான் நேரில் பார்க்கும்போது நிழலுக்குள் வெளிச்சம் இருக்கிறது. மொபைல் படத்தில் இது பெரும்பாலும் தெரியாது. நாய்ஸ் குறைக்கும்போது நிழலில் இருக்கும் மெல்லிய நிறவேறுபாட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகவே இடத்தில் நிற்கும்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: 'தூணின் மேல்பாதி நீலச்சாம்பல், கால் பக்கம் காவி' என்று. நாலு வரி குறிப்பு, போட்டோவில் இல்லாத தகவலைக் கொண்டுவரும்.

போடும் முறை: போர்டை 15-20 டிகிரி சாய்த்து, 12ஆம் எண் ரவுண்டு பிரஷ்ஷில் நிறைய எடுத்து, மேலிருந்து நீல விகிதத்தில் ஆரம்பித்து, ஈரம் இருக்கும்போதே கீழே சியன்னாவைத் தொட்டு விடுங்கள். பேப்பரிலேயே கலக்கட்டும். வாஷின் (நீர்த்த வண்ணப் பூச்சின்) கீழ்விளிம்பில் தேங்கும் துளியை இறக்கிக்கொண்டே போகவேண்டும், விட்ட இடத்துக்குத் திரும்பக்கூடாது. பாதி காய்ந்த வாஷில் நீர் அதிகமான பிரஷ்ஷை வைத்தால் அந்த நீர் பிக்மென்ட்டை ஓரத்துக்குத் தள்ளி காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் வாஷ் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். கலவையை முன்கூட்டியே தேவைக்கு இரட்டிப்பாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாட்டர்கலர் காய்ந்ததும் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரியும் இருட்டு, காய்ந்தபின் போதாது. பயந்து மூன்று கோட் போடுவதைவிட முதல் கோட்டிலேயே கொஞ்சம் துணிந்து அடர்த்தியாக வையுங்கள். பல கோட் ஏறினால் அடியில் உள்ள பேப்பர் வெளிச்சம் அடைபட்டு, நீங்கள் சொன்ன அந்த ஓட்டை விழும்.

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மிக முக்கியம். நம் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பரப்பு சுமார் 2 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்த கட்டைவிரல் அகலம். மீதி எல்லாம் மங்கல், கண் ஓடி ஓடிச் சேகரிப்பது. மொபைல் கேமராவின் சின்ன சென்சார் பக்கத்து சைக்கிளிலிருந்து கலசம் வரை எல்லாவற்றையும் கூர்மையாக்கும். அதைப் பெரிய கேமராவில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, அகலத் திறந்து மங்கலாக்கினாலும், தூரத்தை வைத்துத்தான் மங்கும். முக்கியத்துவத்தை வைத்து மங்காது. ஒரே தூரத்தில் இருக்கும் பூக்கடையைக் கூர்மையாகவும் பக்கத்து டீக்கடையைக் கரைத்தும் வைக்கத் தூரிகையால் முடியும். ஆகவே விளிம்புகளைத் திட்டமிடுங்கள். வெயிலும் நிழலும் மோதும் ஓரிடத்தில் மட்டும், படத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குள், கூர்விளிம்பும் சுதைப் பொம்மைகளின் விவரமும். மற்ற நிலைகளில் பொம்மைகளை எண்ணாதீர்கள். கொடுங்கையின் (வளைந்த விளிம்பின்) கிடைக்கோட்டு நிழல், இடையிடையே புள்ளிப்புள்ளியாக விட்ட வெள்ளை, அவ்வளவு போதும். கரண்ட் கம்பியில் ஒன்றிரண்டை விட்டுவைப்பது நல்லது, தெருவின் ஆழத்தைக் காட்டும்.

கட்டம் போட்டுப் பெயர்க்கிறீர்கள் என்றால் விகிதத்தைக் கவனியுங்கள். உங்கள் 28க்கு 38 செ.மீ. பேப்பரும் மொபைலின் 4:3 படமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். டிஎஸ்எல்ஆரின் 3:2 படத்தை அதில் நிரப்பப் பார்த்தால் கோபுரத்தைத் தெரியாமலே அகட்டிவிடுவீர்கள். 38 உயரத்துக்கு 25.3 அகலம்தான் வரும். மீதியை ஓரமாக விடுங்கள்.

பழையநெகட்டிவ்:

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே நல்ல சோதனைக்களம் இருக்கிறது: தஞ்சைப் பெரிய கோயில். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தெற்கே வந்து தஞ்சாவூரையும் மதுரையையும் வரைந்தார்கள். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அதே ஊர்களைப் படம்பிடித்தார். இடையில் 66 ஆண்டு. ஒரே கட்டடம், இரண்டு ஊடகம்.

பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது, எல்லைக்கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை என்பது. டேனியல்கள் கையோடு கேமரா அப்ஸ்க்யூரா வைத்திருந்தார்கள். லென்ஸ் வழியே வரும் பிம்பத்தைத் தாளில் விழவைத்துக் கோட்டை எடுக்கும் பெட்டி அது. ஃபிலிம் மட்டும்தான் இல்லை. ஆகவே அவர்களுடைய கட்டட அளவுகளில் லென்ஸின் கட்டுப்பாடு இருக்கிறது. பிறகு லண்டனில் அக்வாடின்ட் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து டோன் கொண்டுவரும் அச்சுமுறை) தகடுகளாக, மொத்தம் 144 படங்களாக வந்தபோது வானமும் மரமும் மனிதர்களும் ஓவியரின் ரசனைப்படி ஒழுங்கானார்கள்.

ட்ரைப்போ மெழுகு பூசிய காகித நெகட்டிவ் பயன்படுத்தியவர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30க்கு 38 செ.மீ. இன்றைய உங்கள் கால் ஷீட் அளவு என்பது வேடிக்கையான பொருத்தம். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளிதான் அதிகம் உறைக்கும். கல் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் அளவுக்குமீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் என்றால், நெகட்டிவில் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். நெகட்டிவில் வண்ணம் மறைத்த இடம் அச்சில் வெளுக்கும். காற்றில் ஆடிக் கலங்கிய மரக்கிளைகளையும் அப்படித் தொட்டுச் சரிசெய்தார். ஆவணம் என்று அரசு அனுப்பிய புகைப்படத்துக்குள் ஓவியம் இருக்கிறது. இதே வானச் சிக்கலுக்கு அதே பத்தாண்டில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவைச் சேர்த்து அச்சிட்டார். மேலே வெளிச்சமானி சொன்ன பல எக்ஸ்போஷர் விஷயம் 1850களிலேயே தீர்வு தேடிய பிரச்சினை.

ஆனால் ட்ரைப் செய்த இன்னொன்றை எந்த ஓவியரும் செய்திருக்க முடியாது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் தமிழ்க் கல்வெட்டை அவர் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் எடுத்தாலும் எழுத்து அப்படியே வந்துவிடுகிறது. கையால் பெயர்க்கும்போது தெரியாத எழுத்தைக் கை தனக்குத் தெரிந்த வடிவத்துக்குத் திருப்பிவிடும். கேமராவுக்கு விளங்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் பெரிய பலம் இது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். 1838க்கும் 1853க்கும் இடையில் 2101 தகடுகளாக வெளிவந்த பெருந்தொகுப்பில் அவர்கள் பங்கு பெரிது. தாவர ஓவியத் தாளில் ஒரே செடியின் பூ, காய், சூற்பையின் குறுக்குவெட்டு எல்லாம் ஒன்றாக இருக்கும். எந்த நாளிலும் எந்தச் செடியிலும் இவை அப்படி ஒருசேர நிற்பதில்லை. கேமரா ஒரு செடியை ஒரு நாளில் எடுக்கும். பூச்சி அரித்த இலையும் சேர்ந்து வரும். ஓவியர் அந்த இனத்தையே வரைகிறார். இன்றும் பறவைக் கையேடுகள் பலவற்றில் ஓவியத் தகடுகள் நீடிப்பது இதனால்தான்.

கோயில் சிற்பத்துக்கும் இது பொருந்தும். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு ஓவியர் சில்பி வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, உடைந்த மூக்கு எல்லாவற்றையும் தாண்டிச் சிற்பியின் கோடு மட்டும் மேலே வந்து நிற்கும். கேமராவுக்கு அனுமதியில்லாத சன்னிதிகளின் மூலவர்களையும் அவர் கோட்டில் கொண்டுவந்தார்.

கரையொளி:

எல்லாரும் போட்டோவை ஓவியத்துக்கான கச்சாப்பொருளாகவே பேசுகிறீர்கள். அது கேமராவுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். நல்ல புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் ஓவியம் சப்பென்று இருப்பதற்கு ஒரு காரணமே, அந்தப் படத்தின் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதுதான். வரைவதற்கென்று எடுக்கும் படம் வேறு, படமாகவே நிற்க எடுக்கும் படம் வேறு.

புகைப்படக்காரரின் தேர்வு எங்கே இருக்கிறது? மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை கிழக்கு நோக்கியது. சூரியன் உதித்த கொஞ்ச நேரம் வெளிச்சம் முகத்தில் நேரே அடிக்கும். நிறம் அழகு, ஆனால் புடைப்பு முழுதும் தட்டையாகிவிடும். பத்தரை, பதினொன்றரைக்கு வெளிச்சம் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழுந்து, யானையின் தும்பிக்கை கல்லைவிட்டு வெளியே வரும். பிற்பகலில் முழுதும் நிழல். மென்மையான சமவெளிச்சம், விவரம் படிக்க நல்லது, கனம் இருக்காது. ஒரு கல்லுக்கு மூன்று படம், மூன்றும் உண்மை. தூரிகைக்காரர் தாளில் செய்யும் முடிவை நாங்கள் கடிகாரத்திலும் கால் வைக்கும் இடத்திலும் செய்கிறோம். ஷட்டருக்குப் பிறகு சேர்க்க முடியாது என்பதால் அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டியது அதிகம்.

நேரமும் எங்களிடம் ஒரு கருவி. கடற்கரைக் கோயிலில் அதிகாலையில் 1/125 நொடி வருகிற வெளிச்சத்தில் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 8 நொடி ஆகிவிடும். அலைகள் புகையாகும், கல் மட்டும் நிற்கும். நடக்கும் ஆட்கள் காணாமல் போக 30 நொடிக்கு மேல் வேண்டும். நின்றவர்கள் பேய்மாதிரி பாதி தெரிவார்கள். பாரிஸ் தெரு ஒன்றைப் புகைப்படக்கலையின் முன்னோடி டகேர் 1838இல் எடுத்த படத்தில் வண்டி, கூட்டம் எதுவும் பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் பதிந்தார். கண் ஒருபோதும் பார்க்காத தெரு அது. மறுமுனையில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசைக் கேமராக்களில் எடுத்துக் காட்டியது: நான்கு குளம்பும் தரையை விட்டிருப்பது கால்கள் வயிற்றுக்கடியில் சேரும்போது. 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ வரைந்த குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்னும் பின்னும் காலை நீட்டிப் பறக்கின்றன. தகவலாக அது தவறு. ஆனால் வேகம் அந்த ஓவியத்தில்தான் இருக்கிறது, மைபிரிட்ஜின் தனிச்சட்டங்களில் குதிரை உறைந்து நிற்கிறது. இதில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

தாள் விஷயத்திலும் ஒரு பிரிவு உண்டு. உங்கள் வாட்டர்கலர் ஒன்றே ஒன்று, அதன் அளவு மாறாது. புகைப்படத்துக்கு அளவு என்பது பிறகு எடுக்கும் முடிவு. 24 மெகாபிக்சல் கோப்பில் 6000க்கு 4000 புள்ளி. 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 51க்கு 34 செ.மீ. அச்சு வரும். அதே படத்தைத் தபால் அட்டை அளவில் போட்டால் கையில் பிடித்து நெருங்கிப் பார்க்கும் படம். மேட் பருத்திப் பேப்பரில் கறுப்பு மென்மையாகும். பளபளப்பான பேப்பரில் ஆழமாகும், ஆனால் சன்னல் எதிரொளிக்கும். கோப்பு ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு அச்சையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீர்ச்சாயம்:

எல்லாருக்கும் நன்றி. 150 மீட்டர் பின்னால் போவதையும் மூன்று எக்ஸ்போஷரையும் இந்த வாரமே செய்துபார்க்கிறேன். இன்னும் மூன்று சின்னக் கேள்விகள். வரைந்ததை விற்கும் எண்ணம் இருக்கிறது: எது சீக்கிரம் வெளுக்கும்? இணையத்தில் கிடைக்கும் போட்டோவைப் பார்த்து வரையலாமா? வரைந்த ஓவியத்தை மறுபடி போட்டோ எடுத்தால் நிறம் மாறிவிடுகிறதே, ஏன்?

தூரிகைக்காரர்:

ட்யூபின் பெயரை நம்பாதீர்கள், பிக்மென்ட் எண்ணைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சன் பிஆர்83 என்றிருந்தால் மெல்லிய வாஷில் வெளுத்துவிடும். பதிலுக்கு பிவி19 வாங்குங்கள். அல்ட்ராமரீன் பிபி29, மண்நிறங்கள் பிபிஆர்7, பிஒய்42, பிஒய்43 எல்லாம் உறுதியானவை. சந்தேகமான நிறத்தைப் பேப்பர் துண்டில் கோடாக இழுத்து, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில்படும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தால் தெரிந்துவிடும். போட்டோ அச்சுக்கும் இதே கதைதான்: டை இங்க் (கரைந்த சாயம்) சீக்கிரம் போகும், பிக்மென்ட் இங்க் (நுண்ணிய நிறத்துகள்) நிற்கும்.

இணையத்துப் படம் வேண்டாம். புகைப்படமும் சட்டப்படி கலைப்படைப்பு. 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் எடுத்தவரின் ஆயுள் காலமும் அதன்பின் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. அப்படியே பார்த்து வரைந்து விற்பது பிரதி எடுப்பதாகவே கருதப்படலாம். எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது நீங்களே எடுங்கள். ட்ரைப் 1902இலேயே இறந்துவிட்டார், அவர் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெளிச்சமானி:

நிறம் மாறுவதற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ட்யூப்லைட்டும் சன்னல் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம் என்றாகும். எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, 100க்கு) 95க்கு மேல் உள்ளதாக, ஓவியத்தின் இருபுறமும் 45 டிகிரியில், படத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கேமரா ஓவியத்தின் நடுவுக்கு நேராக, 50 மிமீ அல்லது அதற்குமேல். மொபைல் என்றால் 2எக்ஸ். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ட்ரைபாட், இரண்டு நொடி டைமர்.

முதல் படத்தில் ஓவியத்தின் பக்கத்தில் கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து எடுங்கள், ஒயிட் பேலன்ஸை அதில் சொடுக்கி மற்றப் படங்களுக்கும் அதையே போடுங்கள். எக்ஸ்போஷரில் பேப்பர் வெள்ளை, கோப்பில் உச்ச வெள்ளையான 255ஐ முட்டவிடாமல் 240 அருகில் நிறுத்துங்கள். முட்டிவிட்டால் மெல்லிய முதல் வாஷ் காணாமல் போகும். பக்கவாட்டு வெளிச்சம் ஒருபக்கம் மட்டும் அதிகமானால் கோல்ட் பிரஸ்ஸின் சொரசொரப்பு நிழலாக விழுந்து வானம் அழுக்காகத் தெரியும், இரு விளக்கின் அளவையும் சமப்படுத்துங்கள். இவ்வளவுக்கும் பிறகு அல்ட்ராமரீன் மட்டும் ஊதாப் பக்கம் சாய்ந்தால் முழுப் படத்தையும் திருத்தாதீர்கள், நீலத்தின் ஹ்யூவை மட்டும் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்த்துங்கள்.